பழமா, செர்ரியா, பார்ச்மென்டா, பொடியா? ஜவ்வாது மலைக் காப்பி எந்த உருவில் கீழே இறங்கலாம்

ஆடி பிறந்ததும் இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் சாமைக்கொல்லைக்கும் பலாமரத்துக்கும் நடுவே ஒன்றரை ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று காப்பி வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள்: "வியாபாரி பழமாவே கேக்கறாரு, குடுத்துடலாமா? காய வச்சுக் குடுத்தா நல்லதா? இல்ல, நாமளே வறுத்து வேலூர்ல வித்துடலாமா?" சென்னையிலும் பெங்களூரிலும் சம்பளத்தில் இருந்துவிட்டு, மனசுக்குப் பிடித்த வேலை வேண்டும் என்று மலையேறும் பிள்ளைகளும் இதையே கேட்கிறார்கள். என்ன, அவர்கள் வரும்போதே பாக்கெட்டுக்குப் பெயரும் படமும் முடிவாகியிருக்கும். எத்தனை மூட்டை காய்க்கும் என்று கேட்டால்தான் முழிப்பார்கள்.

என் கட்சி இது: காப்பி எந்த உருவில் தோட்டத்தை விட்டு இறங்கப்போகிறது என்பதைப் பறிப்புக்கு மூன்று மாதம் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். எத்தனை ஆள் வேண்டும், எவ்வளவு தண்ணீர் வேண்டும், எந்த மாதம் காசு வரும் என்பதெல்லாம் அந்த ஒரு முடிவைப் பொறுத்தவை. இங்கே பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. பழுத்த பிறகு யார் வண்டி முதலில் மேலே வருகிறதோ, அவர் கேட்கும் உருவில் கொடுத்துவிடுகிறோம்.

## முதலில் எடைக் கணக்கு

பொடி கிலோ விலையையும் பழம் கிலோ விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் மலைப்புத்தான் வரும். எடை என்ன ஆகிறது என்று பாருங்கள். அராபிகா வகைக் காப்பியில் 1,000 கிலோ பழுத்த பழத்தைத் தோலுரித்து, கழுவி, காயவைத்தால் நிற்பது ஏறக்குறைய 200 கிலோ பார்ச்மென்ட், அதாவது மேலோட்டோடு இருக்கும் கொட்டை. அதன் மேலோட்டை உடைத்தால் 160 கிலோ பச்சைக் கொட்டை. வறுக்கும்போது இன்னும் 15 முதல் 20 சதவீதம் போகும். 130 கிலோ பொடி மிஞ்சினால் பெரிய விஷயம். ஆக, பொடி விலையை ஏறக்குறைய எட்டால் வகுத்துவிட்டுத்தான் பழ விலையோடு ஒப்பிட வேண்டும். கூலி, வண்டி வாடகை, பாக்கெட், கடைக்காரர் கடன் எல்லாம் அதற்கப்புறம் கழிக்க வேண்டியவை.

தோலோடு அப்படியே காயவைப்பது செர்ரி. அதே 1,000 கிலோ பழம் காய்ந்தால் 350 கிலோவுக்கு முன்னே பின்னே நிற்கும். எடை கூடுதலாகத் தெரிந்தாலும் அதில் கொட்டை ஏறக்குறைய பாதிதான்.

## எதை வைத்து எடைபோடுவது

தண்ணீர் முதலாவது. கார்த்திகை, மார்கழியில் கிணற்றில் எவ்வளவு நிற்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது வெயில். நம் பக்கம் பறிப்பும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே நேரத்தில் வந்து மோதும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த வாரம் களத்தில் காப்பி வைத்திருந்தவர் நிலையை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஆள், அதிலும் பழுத்ததை மட்டும் பறிக்கத் தெரிந்த ஆள்.

நான்காவது காசு கைக்கு வரும் நாள். தை மாதம் பள்ளிக் கட்டணம் நிலுவையில் இருப்பவரும் பங்குனி வரை பொறுக்கக்கூடியவரும் ஒரே முடிவை எடுக்க முடியாது. விலை இறங்கினால் தாங்குமா என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நியூயார்க் சந்தையில் அராபிகா 2019-இல் பவுண்டு ஒரு டாலருக்கும் கீழே கிடந்தது; 2025 பிப்ரவரியில் நான்கு டாலரைத் தாண்டியது. நம் மலையில் கேட்கும் விலையும் அந்த ஊஞ்சலில்தான் ஆடுகிறது. 1942-ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்பி வாரியமே வாங்கி விற்ற காலம் வேறு. 1996-இல் எல்லாத் தோட்டக்காரருக்கும் சந்தை முழுதாகத் திறந்த பிறகு, லாபமும் அடியும் நேராக நம் தலையில்.

கடைசியாக, இந்தத் தோட்டம் எதற்கு? நடப்புச் செலவுக்கா, பிள்ளைகளுக்கு நிலத்தைக் கெடாமல் விட்டுப் போவதற்கா, ஊரில் நம் பெயரில் ஒரு காப்பி இருக்க வேண்டும் என்றா? இதைக் கேட்டுக்கொள்ளாமல், பழத்தோல் உரிக்கும் இயந்திரமான பல்ப்பரை வாங்கப் போகிறவர்கள்தான் அதிகம்.

எந்த உயரத்தில் எந்த வகை என்ற இன்னொரு கேள்வியையும் இங்கேயே முடித்துவிடலாம். அராபிகா 1,000 மீட்டருக்கு மேல் சுகமாக வளரும். ரோபஸ்டாவுக்கு 500 முதல் 1,000 மீட்டர். ஜவ்வாது மலையில் காவலூர் வானோக்கு நிலையம் இருப்பது 725 மீட்டரில். ஏலகிரி 1,000-ஐ ஒட்டி மேலே. உங்கள் நிலம் காவலூர் உயரத்தில் இருந்தால், நிழல் குறைந்த அராபிகா வெள்ளைத் தண்டு துளைப்பான் வண்டுக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். பறிப்பு உருவை யோசிப்பதற்கு முன் நிழல் மரத்தை யோசியுங்கள். சில்வர் ஓக் மட்டும் போதாது. கல்யாண முருங்கை, பலா, அத்தி என்று கலந்து நின்றால்தான் கோடையில் செடி தலை தொங்காது. சில்வர் ஓக்கில் மிளகு ஏற்றினால் அது தனி வரவு.

## பழமாகவே கொடுப்பது

பறித்த அன்றைக்கே எடை போட்டு, அன்றைக்கே காசு. தண்ணீர் வேண்டாம், களம் வேண்டாம், மழை வந்தாலும் கவலையில்லை. ஒரு ஏக்கருக்கும் குறைவாக இருந்து, வீட்டு ஆட்களே பறிக்கிறார்கள் என்றால் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மறைமுகச் செலவு சாயங்காலம் ஆறு மணிக்குத் தெரியும். பறித்த பழம் அன்று இரவைத் தாண்டினால் சூடேறிப் புளிக்கத் தொடங்கும். வியாபாரிக்கும் அது தெரியும். மூட்டை கட்டிப் பாதையோரம் இறக்கிவைத்த பிறகு, "காய் கலந்திருக்கு, நூத்துக்கு அஞ்சு கழிச்சுக்கலாம்" என்றால் என்ன செய்வீர்கள்? திரும்பத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பேரம் பேச ஆசைப்படுபவர், பறிப்பதற்கு முந்தின நாளே விலையையும் கழிவையும் பேசி முடித்துவிட வேண்டும். இரண்டாவது வியாபாரியின் நம்பரும் போனில் இருக்க வேண்டும்.

இன்னொன்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பழத்தோடு அதன் தோலும் சதையும் மலையை விட்டு இறங்கிவிடுகின்றன. பழத்தின் எடையில் பெரும்பங்கு அதுதான். மக்க வைத்தால் செடிக்கே திரும்பப் போக வேண்டிய எரு.

## செர்ரியாகக் காயவைப்பது

இயந்திரம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். பரப்பி, கிளறி, 12 முதல் 15 நாள் நல்ல வெயில் காட்டினால் போதும். அராபிகா செர்ரியில் ஈரம் 10.5 சதவீதத்துக்கும், ரோபஸ்டா செர்ரியில் 11 சதவீதத்துக்கும் வர வேண்டும். காய்ந்ததை மூட்டை கட்டி வைத்து, விலை பார்த்து விற்கலாம். பழம் விற்பவருக்கு இல்லாத சுதந்திரம் இது.

அந்த 15 நாள் வெயில்தான் நம்மிடம் இல்லை. மார்கழிப் பனியும் இடையில் வரும் மழையும் சேர்ந்தால், கனமாகக் கொட்டிய குவியலுக்கு அடியில் பூஞ்சணம் பிடிக்கும். மேலே பார்த்தால் கறுத்துக் காய்ந்த மாதிரியே இருக்கும். கையை விட்டுக் கிளறினால்தான் ஈரப் புழுக்கமும் புளித்த வாடையும் வரும். அந்த வாடை கொட்டைக்குள் இறங்கிவிட்டால் எந்த வறுவலும் அதை எடுக்காது. மண் தரையில் உலர்த்தினால் மண் வாசமும் சேரும். விலையிலும், கழுவிய அராபிகாவுக்குக் கிடைப்பது செர்ரிக்குக் கிடைக்காது.

ஆனால் செர்ரி இல்லாமல் எந்தத் தோட்டமும் ஓடாது. தொட்டியில் போட்டால் மிதக்கும் பழம், கடைசிச் சுற்றில் பச்சையும் பழுப்புமாக உருவி எடுத்தது, மரத்தடியில் பொறுக்கியது எல்லாம் செர்ரிக்குத்தான் போக வேண்டும். பொறுக்காமல் விட்டால் காய்த்துளைப்பான் வண்டு அதிலேயே குடியிருந்து அடுத்த வருஷக் காய்க்கு வரும். ரோபஸ்டா வைத்திருப்பவருக்கும் செர்ரியே இயல்பான வழி.

பழுத்ததை மட்டும் எடுத்து, தரைக்கு மேலே வலைக் கட்டிலில் மெல்லப் பரப்பி, பழவாசத்தோடு செர்ரி செய்து நல்ல விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். அதை முதல் வருஷமே முழு அறுவடையிலும் செய்து பார்ப்பது ஆழம் தெரியாமல் காலை விடுவது. 50 கிலோ பழத்தில் செய்து பாருங்கள்.

## பார்ச்மென்ட்

எனக்கு மனசு சாய்வது இந்தப் பக்கம். வேலையும் இதில்தான் அதிகம்.

பறித்த அன்றே பல்ப்பரில் தோலுரிக்க வேண்டும். பல்ப்பர் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் கொட்டை நசுங்கும். நசுங்கிய கொட்டை வறுக்கும்போது கருகும். உரித்த கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும் வழுவழுப்பு போக அராபிகாவைத் தொட்டியில் ஊற விட வேண்டும். மணிக்கணக்கு ஊருக்கு ஊர், குளிருக்குக் குளிர் மாறும். ஒரு நாளும் ஆகலாம், ஒன்றரை நாளும் ஆகலாம். கடிகாரத்தைவிடக் கையை நம்புவது நல்லது. ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் அலசி உள்ளங்கையில் தேயுங்கள். வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. கூழாங்கல்லைத் தேய்த்த மாதிரி சரசரவென்று சத்தம் வந்தால் உடனே கழுவிவிட வேண்டும். இரவு பதினோரு மணியானாலும் சரி. "காலைல பாத்துக்கலாம்" என்று படுத்துவிட்டால் புளிப்பு ஏறிவிடும்.

பிறகு ஏழிலிருந்து பத்து நாள் வெயில். முதல் நாள் மெல்லிசாகப் பரப்பி அடிக்கடி கிளற வேண்டும். உச்சி வெயிலில் அப்படியே விட்டால் மேலோடு வெடிக்கும். சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும். ஈரம் 10 சதவீதத்துக்கு வந்தால் மூட்டை கட்டலாம். மூட்டையை உரச்சாக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பக்கத்தில் எந்த வாடை இருந்தாலும் காப்பி இழுத்துக்கொள்ளும்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு செலவு. ஒன்று, கழுவுவதற்கு வேண்டிய தண்ணீர். மற்றது, கழுவிய பின் என்ன செய்வது என்பது. செய்யாறும் கமண்டல நாகநதியும் இந்த மலையில்தான் பிறக்கின்றன. புளித்த கழிவுத் தண்ணீரை ஓடையில் திறந்துவிட்டால் கீழே இருக்கிற ஊர்க் கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும். பாலாற்றைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பல்ப்பர் வாங்கும் காசில் ஒரு பங்கை எடுத்து, கழிவுத் தண்ணீர் தேங்கி வடியக் குழியும், தோலை மக்கவைக்க ஒரு மூலையும் ஒதுக்குங்கள்.

ஒருத்தர் தனியாகச் செய்தால் இது கட்டாது. நாலைந்து வீடு சேர்ந்து ஒரு பல்ப்பர், ஒரு சிமென்ட் களம் என்றால் கட்டும். காப்பி வாரியத்தின் உதவித் திட்டங்களில் இவை இரண்டும் அடிக்கடி இடம்பெறும். இந்த வருஷம் விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கேட்டுவிட்டுச் செலவில் இறங்குங்கள். சேர்ந்து செய்வதில் வருகிற சண்டை எப்போதும் ஒன்றேதான்: யார் பழம் பழுத்தது, யார் பழம் காய். எல்லோர் பழத்தையும் தொட்டியில் போட்டு, மிதப்பதை அவரவருக்கே திருப்பிக் கொடுத்து, மூழ்கியதை மட்டும் எடை எழுதுவது என்று முதல் நாளே முடிவு செய்தால் பாதிச் சண்டை குறையும்.

விற்கும் இடமும் யோசிக்க வேண்டியது. நல்ல பார்ச்மென்ட் வாங்குபவர்கள் ஏற்காடு, கோயம்புத்தூர், கர்நாடகப் பக்கம். நாலு மூட்டைக்கு வண்டி வைத்தால் வாடகையே தின்றுவிடும். இருபது, முப்பது மூட்டை சேர்ந்தால் அவர்களே ஆள் அனுப்பி மாதிரி எடுப்பார்கள். ஏற்றுமதிக்கு வாங்குபவர் நிலத்தின் இருப்பிடக் குறியீட்டைக் கேட்டால் பயப்பட வேண்டாம். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காப்பியை எடுப்பதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டிருக்கிறது. அதற்கான கேள்வி அது. பழைய நிழல் மரத்தை வைத்திருப்பவருக்கு இது சாதகமே.

## வறுத்துப் பொடியாக

எல்லோருக்கும் ஆசை இதன்மேல்தான். நேதாஜி மார்க்கெட்டில் நம் மலைப் பெயர் போட்ட காப்பி பாக்கெட் தொங்கினால் யாருக்குத்தான் பிடிக்காது?

முதல் இடி வேலூர் நாக்கு. இங்கே வீட்டுக்கு வாங்குபவர்கள் பெரும்பாலும் சிக்கரி கலந்த பொடிக்குப் பழகியவர்கள். கழுவிய அராபிகாவை மட்டும் வறுத்து அரைத்துக் கொடுத்தால், வாசனை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, "டிகாஷன் திக்கா இறங்கலையே" என்று அடுத்த மாதம் பழைய கடைக்கே போவார்கள். திக்குக்குக் கொஞ்சம் ரோபஸ்டா, கொஞ்சம் சிக்கரி சேர்க்க வேண்டிவரும். சேர்த்தால் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எத்தனை பங்கு சிக்கரி என்று பாக்கெட்டில் போட்டே ஆக வேண்டும். சுத்த காப்பி என்ற பெருமைக்காகத் தோட்டம் ஆரம்பித்தவருக்கு இந்த இடம் சங்கடமானது. அதனால்தான் எதற்கு இந்தத் தோட்டம் என்ற கேள்வியை முதலிலேயே கேட்கச் சொன்னேன்.

வேலூர் சிஎம்சி மருத்துவமனைச் சுற்றுவட்டாரத்தில் எவ்வளவு கூட்டம், அதில் ஒரு பங்கு வாங்கினாலே போதாதா என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு. அந்தக் கூட்டத்தில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருபவர்கள் ஏராளம். அவர்கள் கேட்பது டீ.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் வரிசை கட்டி நிற்கும். மேலோட்டை உடைக்க மில், வறுக்க டிரம், அரைக்க இயந்திரம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு. வறுக்காத கொட்டைக்கு ஜி.எஸ்.டி. இல்லை, வறுத்ததற்கு 5 சதவீதம். கடைக்காரர் அடுத்த பில்லுக்குத்தான் முதல் பில்லின் காசைக் கொடுப்பார்; விற்காததைத் திருப்பித் தருவார். பொடி வாரக்கணக்கில் வாசம் இழக்கும். பச்சைக் கொட்டை மாதக்கணக்கில் இருக்கும்.

வருமான வரியிலும் ஒரு திருப்பம் உண்டு. சம்பளமும் வாங்கிக்கொண்டு தோட்டமும் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். பழமாகவோ பார்ச்மென்டாகவோ விற்றால் அது விவசாய வருமானம். நம் விளைச்சலையே மேலோடு உடைத்துத் தரம் பிரித்து விற்றால், லாபத்தில் 25 சதவீதம் தொழில் வருமானம் ஆகும். வறுத்து அரைத்து விற்றால் 40 சதவீதம். ஆடிட்டரிடம் இந்த இரண்டு எண்ணையும் சொல்லிக் கேளுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும், பொடி நல்ல வழிதான், சிலருக்கு. வீட்டில் ஒருவர் கீழே ஊரில் இருந்து கடை பார்க்க வேண்டும். மலையில் இருப்பவரே கடைக்கும் அலைந்தால் இரண்டும் கெடும். வாடிக்கையாக வாங்க 40, 50 வீடாவது முன்கூட்டியே வேண்டும். வறுக்கும் டிரம்மை முதல் மூன்று வருஷம் வாங்காமல், கூலிக்கு வறுத்துத் தருபவரிடம் கொடுப்பது உத்தமம்.

## ஒரே பார்வையில்

| | பழம் | செர்ரி | பார்ச்மென்ட் | பொடி |
|---|---|---|---|---|
| 1,000 கிலோ பழத்துக்கு நிற்பது | 1,000 கிலோ | சுமார் 350 கிலோ | சுமார் 200 கிலோ | சுமார் 130 கிலோ |
| தண்ணீர் | வேண்டாம் | வேண்டாம் | நிறைய; கழிவுக்கும் வழி வேண்டும் | பார்ச்மென்டுக்கு ஆனதே |
| காய வெயில் | வேண்டாம் | 12–15 நாள் | 7–10 நாள் | பார்ச்மென்டுக்கு ஆனதே |
| காசு வருவது | அன்றே | காய்ந்த பிறகு, விருப்பப்படி | மூட்டை சேர்ந்த பிறகு | கடன் வசூலான பிறகு |
| எங்கே சறுக்கும் | மாலை நேரப் பேரம் | பூஞ்சணம் | புளிப்பு, கழிவுத் தண்ணீர் | நாக்கு, கடன், வாசம் |
| தனியாள் செய்யலாமா | ஆம் | ஆம் | கடினம் | கீழே ஒரு ஆள் வேண்டும் |

## யார் எதை எடுப்பது

ஒரு ஏக்கருக்குள், கிணறு மார்கழியில் தரை தட்டும், வீட்டுச் செலவுக்கு உடனே பணம் வேண்டும் என்றால் பழமாகக் கொடுங்கள். மிதவையையும் கடைசிச் சுற்றையும் மட்டும் செர்ரியாகக் காயவைத்து, விலை ஏறும்போது விற்றுக்கொள்ளுங்கள்.

800 மீட்டருக்குக் கீழே ரோபஸ்டா என்றால் அதிகம் யோசிக்க வேண்டாம், செர்ரிதான். களத்துக்கு மட்டும் செலவு செய்யுங்கள்.

1,000 மீட்டரை ஒட்டி அராபிகா, வற்றாத தண்ணீர், பேசிப் பழகக்கூடிய நாலு அண்டை வீடு இருந்தால் பார்ச்மென்ட். அதில் ஒரு மூட்டையை மட்டும் நிறுத்திவைத்து, கூலிக்கு வறுத்து, சொந்தக்காரர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் காசு வாங்கிக்கொண்டு கொடுத்துப் பாருங்கள். சும்மா கொடுத்தால் எல்லோரும் பிரமாதம் என்பார்கள். காசு கொடுத்து இரண்டாவது முறை கேட்பவர் எத்தனை பேர் என்பதுதான் பொடி வியாபாரத்துக்கான விடை.

நகரத்திலிருந்து வருபவர்களுக்கு இதற்கும் முந்தின வேலை ஒன்று இருக்கிறது. மலையில் பல நிலங்கள் நிபந்தனைப் பட்டா. பழங்குடி மக்களுக்கு ஒப்படைத்தவை. தாலுகா ஆபீசில் நில விவரம் இருக்கும் ‘அ’ பதிவேட்டைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வாங்குவதை விட, ஏற்கெனவே காப்பி வைத்திருக்கும், மலையாளி என்னும் இந்த மலைப் பழங்குடிக் குடும்பங்களிடம் பழுத்த பழத்துக்குக் கூடுதல் விலை பேசி வாங்கி, பல்ப்பரும் களமும் போடுவது பல பேருக்குப் பொருந்தும். தோட்டக்காரர் ஆக வேண்டும் என்ற ஆசை அதில் முழுசாகத் தீராதுதான்.

எந்த வழியை எடுத்தாலும் புரட்டாசி முடிவதற்குள் செய்ய வேண்டியவை சில உண்டு. தார்ப்பாயில் ஓட்டை பார்ப்பது, பல்ப்பரில் இடைவெளி சரிசெய்வது, பறிப்பவர்களிடம் சிவப்புப் பழத்துக்கு ஒரு கூலி, கலந்து பறித்தால் ஒரு கூலி என்று பேசிவைப்பது. கூலியைக் கிலோவுக்கு மட்டும் பேசினால் கை தானாகக் காயையும் சேர்த்து உருவும். முதல் சுற்றில் பழுத்தது குறைவாக இருக்கும். அதற்கு நாள் கூலி கொடுத்துவிடுவது இரண்டு பக்கத்துக்கும் நியாயம்.